வசந்தாமணி ஐஸில் இறங்கிய மார்கழி

சித்த அக்கட்ட நகுந்து உக்காருங்க தம்பி. பரவால்ல, பையை நான் மடியில வெச்சுக்கறேன். பாத்தீங்களா, ரெண்டாவது கியர்லயே இழுத்துட்டுப் போறான்! இஞ்சின் கதறுது, இவன் காதுல பாட்டு ஓடுது. இவனுக்கு லைசென்ஸ் குடுத்த மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு ரோசாப்பூ மாலை வாங்கிப் போடுவனுங்க. நானில்லை. என் கைக்கு வந்திருந்தா இவன் இந்நேரம் சைக்கிள்லதான் போயிட்டு இருப்பான்.

நான் பிரேக் இன்ஸ்பெக்டருங்க. நாச்சிமுத்து. முப்பத்தோரு வருசம் சர்வீஸ். ரிட்டையர் ஆயி ஏழு வருசமாச்சு. தாராபுரம், கோபி, கடைசியா பொள்ளாச்சி. மைதானத்துல எட்டுப் போடச் சொல்லுவேன். கால் ஊனாமப் போட்டா பாஸ். ஊனுனா வீட்டுக்குப் போ. எம்.எல்.ஏ. மச்சானா இருந்தாலும் சரி, அதான் கணக்கு.

உக்கடம் வரைக்குந்தானுங்க. அங்க எறங்கி ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போகோணும். சம்சாரத்தோட டிக்கெட்டை முன்னாடி தேதிக்கு மாத்தணும். போன்ல கேட்டா, 'பயணம் பண்றவங்களே சொல்லணும் சார்'ங்கறான். பயணம் பண்றவளுக்குப் புருசன்னு ஒருத்தன் இருக்கறது அவனுக்கு ஒரு பொருட்டாத் தெரியலை. நேர்ல போயி நின்னா மாத்திருவான்.

சம்சாரம் எங்கியா? அமெரிக்காவுலங்க. டெட்ராய்ட்டு. பொண்ணு வீட்ல. என்ன பண்றாங்கன்னு கேக்கறீங்களா? சறுக்கிட்டு இருக்காங்க. சிரிக்காதீங்க தம்பி. நெசமாத்தான் சொல்றேன். கத்தி வெச்ச பூட்ஸைப் போட்டுட்டு, ஐஸ் மேல, ஐம்பத்தொம்பது வயசுல. விழுந்துட்டாங்களான்னு கேளுங்க. விழுந்து ஒரு கால் சுளுக்கியிருந்தாக் கூட இந்நேரம் ஊர் வந்து சேந்திருப்பா. அதுவும் இல்லை.

டிசம்பர் மொத வாரம் போனமுங்க ரெண்டு பேரும். பொண்ணு பிரவீணாவும் மாப்ளையும் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க. வெளிய வந்தா மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்கற குளிர். நம்ம ஊர்ல மார்கழி வந்தா என்ன பண்ணுவோம்? குல்லாயை மாட்டிட்டு, ஒரு சுக்குக் காப்பியக் குடிச்சுட்டு, சன்னலைச் சாத்திட்டு உள்ள இருப்போம். அதானே மனுசன் பண்ற வேலை? அந்த ஊர்ல குளிருக்கே திருவிழா எடுக்கறாங்க! எவ்வளவுக்கெவ்வளவு குளிருதோ அவ்வளவுக்கவ்வளவு குசி. காட்டுல நிக்க வேண்டிய மரத்தை வெட்டி வீட்டுக்குள்ள வெச்சு, அதுக்கு சீரியல் பல்பு, சரிகை எல்லாம் சுத்தி, ஜம்முனு ஹீட்டர்ல உக்கார வெக்கறாங்க. வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய மனுசனைக் கூட்டிட்டுப் போயி வெளிய பனியில நிக்க வெக்கறாங்க. கேட்டா, 'ஹாலிடேஸ் அப்பா, எஞ்சாய் பண்ணுங்க'ங்கறா பொண்ணு.

டவுனுக்கு நட்ட நடுவுல ஒரு சதுக்கம். சுத்தி ஆகாசத்துக்குக் கட்டடம். நடுவுல ஒரு மரம், நம்ம தேரை விட ஒசரம், மேல இருந்து கீழ வரைக்கும் வெளக்கு. சுத்தி மரப்பெட்டி மாதிரி கடைங்க. ஒரு கடையில மெழுகுவத்தி, ஒரு கடையில கம்பளித் தொப்பி, ஒரு கடையில சூடா சாக்லேட்டைக் கரைச்சு டம்ளர்ல குடுக்கறான். அந்தக் கரைசலுக்கு நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க, ஏதோ அமுதம் ஊத்தற மாதிரி. நானும் குடிச்சேன். ஹார்லிக்ஸ்தானுங்க அது. கொஞ்சம் கறுத்துப் போன ஹார்லிக்ஸ்.

அந்த மரத்துக்குப் பக்கத்துலதான் ஐஸ் திடல். இத்தனை பேரு, இத்தனை வேகம், ஒருத்தனுக்காவது லைட்டு, ஹார்னு ஏதாவது ஒண்ணு? ஒண்ணுமில்லை. ஒரே ஒரு நல்ல விசயம், எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தறாங்க, ஒன் வே. அதை நான் பாராட்டறேன். மணிக்கொருக்கா ஐஸைத் தேச்சு மழமழன்னு ஆக்கறதுக்கு ஒரு வண்டி வருதுங்க. ஒரு பெரியவர் ஓட்டறாரு. என்ன ஒரு திருப்பம், என்ன ஒரு நிதானம்! அந்த மைதானத்துலயே முறையா ஓட்டுனது அவரு ஒருத்தருதான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் தொப்பியைத் தூக்குனாரு. தொழில் தெரிஞ்சவன் தொழில் தெரிஞ்சவனைக் கண்டுக்குவான்.

பொண்ணும் மாப்ளையும் பூட்ஸை மாட்டிட்டு எறங்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம். வசந்தாமணி, அவதானுங்க என் சம்சாரம், கண்ணு கொட்டாமப் பாத்துட்டே இருந்தா. குளிர்ல உறைஞ்சுட்டாளோன்னு நெனச்சேன். கால் மணி நேரம் கழிச்சுக் கேக்கறா, "ஏனுங்க, நான் போட்டுப் பாக்கட்டுங்களா?"

தொப்பி வாங்கறதைச் சொல்றாளாக்கும்னு, "வேணும்னா போடு"ன்னு சொல்லிட்டேன். திரும்பிப் பாக்கறேன், ஆளைக் காணோம். பெஞ்சுல உக்காந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிட்டு இருக்கா. சேலையைக் காணோமுங்க தம்பி. உள்ள பொண்ணோட ஜீன்ஸ் பேண்ட்டு! வீட்ல இருந்தே போட்டுட்டு வந்திருக்கா, மேல அந்தப் பெரிய கோட்டைப் போட்டு மறைச்சு. அப்ப என்ன அர்த்தம்? என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே அம்மாளும் பொண்ணும் கமிட்டி போட்டு முடிவு பண்ணிட்டாங்க. நான் வெறும் கையெழுத்துப் போடற ஆபீசரு.

"அடியே, இது வயசாடீ உனக்கு? விழுந்து இடுப்பு கிடுப்பு ஒடிஞ்சா?"ன்னு சொன்னேன். அவ எந்திரிச்சு நின்னு, கம்பியைப் புடிச்சுட்டு, என்னைப் பாத்துக் கேட்டா பாருங்க.

"இங்க கால் ஊனுனா ஃபெயிலுங்களா?"

பொண்ணு கக்கக்கன்னு சிரிக்குது. மாப்ளை மேல மரத்தைப் பாக்கறாரு. எனக்கு ஒண்ணும் சிரிப்பா வரலைங்க.

அது ஒரு பழைய சங்கதி. தொண்ணூத்தாறுல. பிரவீணா அப்ப பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு இருந்தா. இவ, சன்னின்னு அப்ப வந்த குட்டி ஸ்கூட்டரை ஓட்டக் கத்துக்கறேன்னா, கத்துக்கன்னேன். எங்கண்ணன் மகன் சொல்லிக் குடுத்தான். மூணு மாசம் ஓட்டுனா, நல்லாத்தான் ஓட்டுனா, பொய் சொல்லக் கூடாது. டெஸ்ட்டுக்கு வந்தா. அன்னைக்குன்னு பாத்து இன்னொரு இன்ஸ்பெக்டர் லீவு, நான்தான் மைதானத்துல. எட்டைப் போட்டா. அழகாப் போட்டா. கடைசித் திருப்பத்துல வெளிய வர்றப்ப ஒரே ஒரு தடவை, இத்தனூண்டு, இடது கால் கட்டை விரல் தரையைத் தொட்டுது. அம்பது பேரு பாத்துட்டு இருக்காங்க. நான் என்ன பண்ணுவேன்? ஃபெயிலுன்னு எழுதினேன். சொந்தச் சம்சாரத்தையே ஃபெயில் பண்ணுனவருன்னு கோபி ஆபீஸ்ல இன்னைக்கும் பேருங்க எனக்கு. கலெக்டரே கூப்புட்டுக் கை குடுத்தாரு.

அவளா? ஒரு மாசம் கழிச்சு மறுக்கா வான்னேன். வேண்டாமுங்கன்னுட்டா. வண்டியை அப்புறம் எங்கண்ணன் மகனே எடுத்துட்டுப் போயிட்டான். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது, அப்புறம் ஒரு வார்த்தை அவ அதைப் பத்திப் பேசுனதே இல்லை. மறந்துட்டான்னுதான் இத்தனை வருசமா நெனச்சுட்டு இருந்தேன்.

சரி, ஐஸுக்கு வருவோம். புதுசாப் பழகறவங்க புடிச்சுத் தள்ளிட்டுப் போறதுக்கு நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் கடல்நாய் பொம்மை இருக்குதுங்க. கொழந்தைக அது மேல ஏறி உக்காந்துக்கும். அதை ஒண்ணைப் புடிச்சுட்டு இவ எறங்குனா. மொத நாளு ஏழு தடவை விழுந்தா. நான் எண்ணுனேன், எண்ணறதுதானே நம்ம வேலை. விழுந்து விழுந்து சிரிக்கறா! வாயைத் தொறந்து, தலையைப் பின்னால போட்டு, அந்தச் சதுக்கமே திரும்பிப் பாக்கற மாதிரி. முப்பத்தேழு வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லைங்க. அப்பத்தான் பாக்கறேன், கீழ்வரிசையில ஒரு கடைவாய்ப் பல்லைக் காணோம். வீட்டுக்கு வந்து, "எப்பப் புடுங்குனே?"ன்னு கேட்டேன். "ரெண்டாயிரத்துப் பதினாலு"ங்கறா. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்லைங்க இந்தப் பொம்பளைங்க.

அப்புறமென்ன, வாரம் மூணு நாளு. பொண்ணு வேலையை முடிச்சுட்டு அம்மாளைக் கூட்டிட்டு ஓடிருவா. கிறிஸ்துமஸ் அன்னைக்கு, புது வருசத்தன்னைக்கு, ஒண்ணு விடறதில்லை. நம்மூர்ல மார்கழி பொறந்தா நாலரை மணிக்குக் கோலம் போடற பொம்பளைங்க. அங்க வாசல்ல பனி. மொத நாளு பழக்கத்துல பச்சரிசி மாவுல கோலம் போட்டுட்டு வந்து, "ஏனுங்க, வெள்ளை மேல வெள்ளை, ஒண்ணுந் தெரியலை"ன்னு சொன்னா. சொல்லிட்டு அதோட விட்டுட்டா. கோலம் போச்சு, ஐஸ் வந்துது.

நான் கூடப் போவேன். போகாம? எல்லாரு செருப்பையும் பையையும் யாரு பாத்துக்கறது? கட்டைக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு, "முன்னால பாரு! வேகத்தைக் கொற! திரும்பறப்ப சைகை காட்டு!"ன்னு சொல்லிக் குடுத்துட்டே இருப்பேன். நான் சொல்லிக் குடுக்கலைன்னா அவ அத்தனை சீக்கிரம் பழகியிருக்க மாட்டா. செகப்புச் சட்டை போட்ட ஒரு பொண்ணு, அங்க வேலை பாக்கறது, எங்கிட்ட வந்து ரொம்ப மரியாதையாச் சொல்லுச்சு, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குதுன்னு. அப்புறம் நான் சைகையிலதான் சொல்லுவேன்.

பொங்கலுக்கு மறுநாளு. சாயந்தரம். அன்னைக்கு அவ பொம்மையை விட்டுட்டா. கையை ரெண்டு பக்கமும் நீட்டிட்டு, தன்னால, ஒத்தையில ஒரு சுத்து வர்றா. நான் கூப்புடறேன், திரும்பலை. சைகை காட்டறேன், பாக்கலை. ரெண்டாவது சுத்து. என்னைத் தாண்டிப் போறப்ப அவ மூஞ்சியைப் பாத்தேன். நான்னு ஒருத்தன் அங்க நிக்கறதே அவளுக்கு நெனப்பு இல்லைங்க தம்பி. பயந்துட்டேனுங்க. எதுக்குப் பயந்தேன்னு கேட்டா, விழுந்துருவான்னுதான், வேறென்ன?

போயி நிறுத்திரலாம்னு முடிவு பண்ணுனேன். பூட்ஸு வாடகைக்கு எடுக்கச் சொல்லி மாப்ளை சொன்னாரு. கத்தி கட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன சண்டைச் சேவலா? நமக்குத் தெரியாததா? பாசி புடிச்ச கோயில் கொளத்துப் படியில எப்படி எறங்குவோம்? செருப்பைக் கழட்டிட்டு, வெரலை ஊனி எறங்குவோம். வழுக்குமா? வழுக்காது. ஷூவைக் கழட்டுனேன், சாக்ஸைக் கழட்டுனேன், ஓரமா ஒழுங்கா வெச்சேன், வேட்டியா இருந்தா மடிச்சுக் கட்டியிருப்பேன், பேண்ட்டை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டேன். எறங்கிட்டேன்.

வழுக்கலைங்க. அதை மொதல்ல சொல்லிடறேன். நாலு எட்டு வெச்சேன், சும்மா கிண்ணுனு நின்னேன். அஞ்சாவது எட்டுக்குக் காலைத் தூக்கறேன், கால் எங்கிட்டயே இல்லை. நெருப்புல நிக்கற மாதிரி ஒரு எரிச்சல், அப்புறம் ஒண்ணுமே தெரியலை. முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் வர முடியலை. விசில் ஊதறாங்க. மொத்தச் சனமும் நின்னுருச்சு. கொழந்தைக எல்லாம் என் காலைக் காட்டிக் காட்டி அம்மா கிட்டக் கேக்குதுக. செகப்புச் சட்டைப் பொண்ணு "சார், சார்"னு ஓடி வருது.

அதுக்கு முன்னாடி வசந்தாமணி வந்துட்டா. வந்து, என் முன்னால ஒரு சாண் தள்ளி, குதிகாலைச் சாச்சு, சர்ருனு நிறுத்துனா பாருங்க, ஏ ஒன் பிரேக்! திட்டுவான்னு பாத்தேன். இல்லை. அந்தக் கடல்நாயை இழுத்துட்டு வந்து, "உக்காருங்க"ன்னா. நான் யாருங்க, முப்பத்தோரு வருசம் சர்க்கார் ஜீப்புல போனவன். "உக்காருங்க, காலு போயிரும்"னு ஒரு அதட்டு. உக்காந்தேன். தள்ளிட்டுப் போனா. வெறுங்கால் ரெண்டையும் மேல தூக்கிட்டு, நீலக் கடல்நாய் மேல நான். பின்னால ஜீன்ஸு போட்டுட்டு என் சம்சாரம். சுத்தி நின்ன அத்தனை பேரும் கை தட்டறாங்க! ஊரே நம்மளை மதிக்குதுன்னு நெனச்சுக்க வேண்டியதுதான். ஆனா ஒண்ணு, நான் விழலை. ஒருக்காக் கூட விழலை. யாரு எப்படிச் சொன்னாலும் நீங்க நம்பாதீங்க.

வீட்டுக்கு வந்து வெதுவெதுன்னு தண்ணியில காலை ஊற வெச்சு, தேங்காண்ணெய் தேச்சு விட்டா. நான் கண்டிசனாச் சொல்லிட்டேன், "நாளையிலிருந்து அங்க போகக் கூடாது"ன்னு.

"சரிங்க, நீங்க வர வேண்டாம்"னா.

நெசமாவே தப்பாப் புரிஞ்சுக்கிட்டாளா, வேணும்னே சொன்னாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

ஜனவரி கடைசியில திரும்பற நாளு. பாக்கறேன், நடு வீட்ல ஒரே ஒரு பொட்டி. என்னுது. மாத்திரை எல்லாம் காலைக்குத் தனி, ராத்திரிக்குத் தனின்னு கட்டி, மேல சீட்டு ஒட்டியிருக்கு. அவ டிக்கெட்டை ஜூனுக்கு மாத்திட்டாங்களாம். நான் பெருந்தன்மையா, "இருந்துட்டு வா, பரவால்ல"ன்னு சொன்னேன். ஆமாங்க, மாத்துனதுக்கு அப்புறந்தான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? அதைப் பாருங்க.

இப்ப மார்ச்சு பாதி ஆயிருச்சு. அந்தத் திடலை மூடிட்டாங்க, வெயில் வந்துருச்சு, ஐஸைக் கரைச்சு ஓட விட்டுட்டாங்க. சரி, இனி என்ன, கெளம்பிருவான்னு நெனச்சேன். இல்லீங்களாம், உள்ளரங்கம்னு ஒண்ணு இருக்குதாம், வருசம் பூராவும் ஐஸாம். அமெரிக்காக்காரனுக்கு ஒரு பருவம் முடிஞ்சா முடிஞ்சுதுன்னு விட வேண்டாங்களா?

ஞாயித்துக்கிழமை போன் பண்ணுனா. "எப்ப வர்றே?"ன்னு கேட்டேன். கோவமா எல்லாம் இல்லீங்க, சாதாரணமாத்தான் கேட்டா.

"நான் எதுக்குங்க வரோணும்? ஒரு காரணம் சொல்லுங்க, வர்றேன்."

காரணமா இல்லை? சமையல்னேன். சமையலுக்குத்தான் கண்ணம்மா வர்றாளேன்னா. ஆமா, இவளே அங்க இருந்து ஏற்பாடு பண்ணுனதுதான். மாத்திரைன்னேன். பக்கத்து வீட்டு சுலோச்சனா டீச்சர் ஞாபகப்படுத்தறாங்களேன்னா. கேஸு சிலிண்டர், கரண்டு பில்லு, தண்ணி வரி, ஒண்ணொண்ணாச் சொல்றேன், ஒண்ணொண்ணுக்கும் பதில் வெச்சிருக்கா. எட்டுப் போடற மாதிரி, ஒரு எடத்துலயும் கால் ஊனலைங்க. கடைசியில, "யோசிச்சு வைங்க, அடுத்த ஞாயிறு கூப்புடறேன்"னு வெச்சுட்டா.

நாலு நாளா யோசிக்கறேன். எந்தக் காரணமும் கெடைக்கலை. அதான் ஏஜெண்டைப் பாத்துரலாம்னு கெளம்பிட்டேன்.

வீடு எப்படி இருக்குதா? வீட்டுக்கென்ன, இருக்குது. ரெண்டு டம்ளரு எடுத்து வெச்சு, அப்புறம் ஒண்ணைத் திருப்பி உள்ள வெக்கறேன். டிவி பாத்துட்டே 'பாத்தியா இவனை'ன்னு சொல்லுவேன், சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தா நாற்காலிதான் இருக்குது. கருமம், சோறு எறங்க மாட்டேங்குது. அதெல்லாம் ஒரு காரணமாங்க? காரணம்னா உருப்படியா இருக்க வேண்டாமா?

என்னது? மறுக்காச் சொல்லுங்க. அதையா? அதைப் போயி எப்படிங்க தம்பி சொல்றது! நீங்க இந்தக் காலத்து ஆளு. கலியாணம் பண்ணுன நாள்ல இருந்து ஒருக்காக் கூட நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்பத் திடீர்னு போனைப் போட்டு, நீ இல்லாம முடியலைன்னு சொன்னா என்னாகும்? எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவ பயந்துக்குவா. நெஞ்சுவலியோ என்னமோன்னு பதறிப் போயி அடுத்த பிளைட்டைப் புடிச்சு...

வந்துருவாளா?

நெசமாவே வந்துருவாளா தம்பி? இல்லை, அதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்பாளா?

இங்க மணி நாலே முக்கால். அங்க விடிஞ்சிருக்குமில்லீங்க? எந்திரிச்சிருப்பா. இந்தாங்க போனு, என் கண்ணாடி பைக்குள்ள எங்கியோ மாட்டிக்கிச்சு. 'வசந்தாமணி அமெரிக்கா'ன்னு இருக்கும், அதை அமுக்கி விடுங்க. இருங்க, இருங்க, இன்னும் அமுக்காதீங்க. சித்த முன்னால சொன்னீங்களே, அதை இன்னொருக்கா மெதுவாச் சொல்லுங்க, நான் கூடவே சொல்லிப் பாத்துக்கறேன்.